நியூசிலாந்தில் கேம்பர் வேன்: நாலு பேர் கிளம்புமுன் படிக்க வேண்டியது

நாங்கள் நான்கு நண்பர்கள் ஒரு மார்ச் மாதத்தில் நியூசிலாந்தின் தென் தீவை 12 நாள் கேம்பர் வேனில், அதாவது படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டியில் சுற்றி வந்தோம். மலையும் ஏரியும் எப்படி இருந்தன என்று இங்கே எழுதப்போவதில்லை. அது படங்களில் கொட்டிக் கிடக்கிறது. எந்தக் காகிதம் வேண்டும், எவ்வளவு ஆகும், எங்கே மாட்டிக்கொள்வீர்கள், இதை மட்டும் சொல்கிறேன். டாலர் என்று வரும் இடமெல்லாம் நியூசிலாந்து டாலர்.

முதலிலேயே ஒன்று. "கார் வாடகையும் மிச்சம், ஹோட்டல் வாடகையும் மிச்சம்" என்று நினைத்துத்தான் வேன் எடுத்தோம். மிச்சம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேர் சின்ன காரும் விடுதியுமாகப் போனால் பல சமயம் அதுவே மலிவு. வேன் எடுக்கக் காரணம் வேறு: காலையில் கதவைத் திறந்தால் ஏரி. அந்தக் காரணம் உங்களுக்குப் போதும் என்றால் மேலே படியுங்கள்.

1. மாதத்தையும் நாட்களையும் முடிவு செய்யுங்கள்

டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடியும்வரை அங்கே பள்ளி விடுமுறை. வேன் வாடகை எகிறும், பல கம்பெனிகள் குறைந்தபட்சம் இத்தனை நாள் எடுத்தால்தான் தருவோம் என்பார்கள். ஏரிக்கரையில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக லூபின் பூக்கள் வேண்டும் என்றால் நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர்வரை போகலாம். எனக்குக் கேட்டால் மார்ச், இல்லாவிட்டால் ஏப்ரல் முதல் பாதி. கூட்டம் குறைந்திருக்கும், குளிர் இன்னும் கடிக்க ஆரம்பித்திருக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட்வரை குளிர்காலம். பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் அந்த மாதங்களில் வேன் பக்கமே போக வேண்டாம்.

தென் தீவு மட்டும் என்றால் 10 முதல் 14 நாள். இரண்டு தீவையும் பார்க்க ஆசையிருந்தால் மூன்று வாரமாவது ஒதுக்குங்கள். வட தீவின் வெலிங்டனுக்கும் தென் தீவின் பிக்டனுக்கும் நடுவே கப்பலில் சுமார் மூன்றரை மணி நேரம். டிக்கெட் வண்டியின் நீளத்தைப் பொறுத்தது. நீளத்தைக் குறைத்துப் போட்டு பதிவு செய்துவிட்டு துறைமுகத்தில் வித்தியாசம் கட்டுபவர்கள் உண்டு. நாங்கள் வட தீவைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டோம், வருத்தமில்லை.

2. விசாவும் நுழைவுக் காகிதங்களும்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் பார்வையாளர் விசா வேண்டும். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். எங்களை ஒரு கூட்டமாகப் பார்ப்பார்கள் என்று நினைத்து ஒருவருடைய வங்கிக் கணக்கை மட்டும் காட்டலாமா என்று யோசித்தோம். அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பித்து, தனித்தனியே பணம் காட்டுங்கள். தங்கும் மாதம் ஒன்றுக்கு ஆளுக்கு 1,000 டாலர் என்பது கணக்கு. தங்குமிடத்துக்கு முன்பே பணம் கட்டியிருந்தால் 400. நாங்கள் அந்த 400-ஐ நம்பாமல் முழுத் தொகையையும் காட்டினோம்.

எடுத்து வைக்க வேண்டியவை: திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், வங்கி அறிக்கை, வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம், நாள்வாரியான பயணத் திட்டம், திரும்பும் டிக்கெட். ஆங்கிலத்தில் இல்லாத எந்தக் காகிதத்துக்கும் மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா தேவையில்லை, மின்னணு பயண அனுமதி போதும். கைபேசிச் செயலி வழியாக எடுத்தால் 17 டாலர், இணையதளத்தில் எடுத்தால் 23. அனுமதி வர 72 மணி நேரம்வரை ஆகலாம் என்பதால் விமான நிலைய வரிசையில் நின்றுகொண்டு விண்ணப்பிக்காதீர்கள். எந்த வழியில் போனாலும் பார்வையாளர் வரியாக 100 டாலர் தனி. 2024 அக்டோபருக்கு முன் அது 35 ஆக இருந்தது. பழைய கட்டுரைகளைப் பார்த்து பட்ஜெட் போட்டவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

இன்னொரு பொறி ஆஸ்திரேலியா. மலிவாகக் கிடைக்கிறதே என்று சிட்னி, மெல்போர்ன் வழியாக டிக்கெட் எடுத்துவிடுவோம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு அங்கே விமானம் மாறுவதற்கே டிரான்சிட் விசா வேண்டும். கட்டணம் கிடையாது, ஆனால் கையில் இல்லாவிட்டால் முதல் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். சிங்கப்பூர் வழி என்றால் இந்தத் தலைவலி இல்லை.

கிளம்புவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் நியூசிலாந்து பயணி அறிவிப்பை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் கண்ணில் பட்டால் மூடிவிடுங்கள்.

அந்த அறிவிப்பில் உணவு பற்றிக் கேட்பார்கள். பொட்டலம் எதுவானாலும் "இருக்கிறது" என்றே போடுங்கள். சொல்லாமல் கொண்டுபோய்ப் பிடிபட்டால் அங்கேயே 400 டாலர் அபராதம். பையின் அடியில் மறந்துபோன ஒரு ஆப்பிளும் இதில் சேர்த்தி. தேன் கூடவே கூடாது. எங்களில் ஒருவனின் அம்மா டிபன் பாக்ஸ் நிறைய பச்சைக் கறிவேப்பிலை வைத்திருந்தார். சொல்லிவிட்டோம். அதிகாரி வாங்கி மோந்து பார்த்தார், சிரித்தார், தொட்டியில் போட்டார். அபராதம் இல்லை. பருப்புப் பொடியைத் திருப்பித் தந்துவிட்டார், ஆனால் உங்களுக்கும் தருவார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. கடையில் வாங்கிய, உடைக்காத, ஆங்கிலத்தில் பெயர் எழுதிய பாக்கெட்டாக இருந்தால் வேலை சுலபம். மலையேறும் ஷூவில் மண் ஒட்டியிருந்தால் வீட்டிலேயே கழுவிவிடுங்கள், அதையும் கேட்கிறார்கள்.

3. யார் ஓட்டுவது

உங்கள் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால் சட்டப்படி அதுவே போதும். இல்லாவிட்டால் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்போ சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தாலும் அந்த அனுமதியை எடுத்துக்கொண்டு போங்கள். கவுண்டரில் இருப்பவர் கேட்டால் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். அசல் அட்டை கட்டாயம் கையில் இருக்க வேண்டும்.

நாலு பேரில் இரண்டு பேராவது ஓட்டுநராகப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யாதவர் வண்டியை நிறுத்துமிடத்தில் பத்தடி நகர்த்தி இடித்தாலும் இன்சூரன்ஸ் கிடையாது. அப்புறம், "நான் ஓட்டுவேன்" என்று சொல்லும் நண்பன் கடைசியாக எப்போது கியர் வண்டி ஓட்டினான் என்று கேளுங்கள். சந்தேகமிருந்தால் ஆட்டோமேட்டிக்காகத் தேடுங்கள்.

4. எந்த வேன்

இரண்டு பேர் படுக்கும் வேன், நாலு பேர் வேன், ஆறு பேர் வேன் என்று பிரிப்பார்கள். நாங்கள் நாலு பேர், நாலு பேர் வேன் எடுத்தோம். தப்பு. அதில் இரவுப் படுக்கையும் பகல் மேஜையும் ஒரே இடம். தினமும் ராத்திரி மேஜையைக் கழற்றி, பலகையைப் போட்டு, மெத்தைத் துண்டுகளைப் புதிர் மாதிரி அடுக்கி, காலையில் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். ஒருவன் சீக்கிரம் எழுந்து டீ போட நினைத்தால் மற்ற மூவரும் எழுந்தாக வேண்டும். நாலு பேருக்கு ஆறு பேர் வேன்தான் சரி. ஒரு படுக்கையைப் பிரிக்காமலே விட்டுவிடலாம், பைகளைப் போடவும் இடம் இருக்கும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி எதுவும் வேண்டாம், மடிக்கக்கூடிய துணிப் பை மட்டும்.

பெரிய வேனுக்கு இரண்டு விலை கொடுக்க வேண்டும். ஒன்று வேகம்: மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டும் வண்டிக்கு மணிக்கு 90 கிலோமீட்டர்தான் உச்சம். இரண்டு உயரம்: மூன்று மீட்டருக்கு மேல் போகும். ஓட்டும்போது உயரம் மறந்துபோகும் என்பதால் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள்.

வாங்கும்போது கட்டாயம் கேட்க வேண்டியது பச்சைச் சான்று. தன் கழிவைத் தானே தேக்கிக்கொள்ளும் வண்டி என்பதற்கான சான்று அது. 2023-ல் சட்டம் மாறியது, இப்போது கழிவறை வண்டியோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும். சீட்டுக்கடியில் தூக்கி வைக்கும் டப்பா செல்லாது. அந்தச் சான்றிலேயே எத்தனை பேருக்கு என்று எண்ணும் போட்டிருக்கும். இரண்டு பேர் சான்று உள்ள வண்டியில் நாலு பேர் தூங்கினால் அதுவும் விதிமீறல்தான்.

5. வாடகைக் கணக்கு: உண்மையான விலை எது

தளத்தில் பெரிய எழுத்தில் தெரியும் நாள் வாடகை ஆரம்பம் மட்டுமே. எங்கள் கணக்கில் கடைசியில் அது மொத்தச் செலவில் பாதிகூட இல்லை. மேலே ஏறியவை இவை.

பாண்ட். வண்டிக்கு ஏதாவது ஆனால் முதலில் உங்கள் கையிலிருந்து போகும் தொகை. சாதாரணமாக 5,000 முதல் 7,500 டாலர்வரை. வண்டி எடுக்கும்போது கிரெடிட் கார்டில் பிடிப்பார்கள். கார்டு ஓட்டுநர் பெயரில் இருக்க வேண்டும், வரம்பும் இருக்க வேண்டும். "பிடித்து வைப்பார்களா, பணமாகவே எடுத்துவிடுவார்களா?" என்று முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். பணமாக எடுத்தால் போகும்போது ஒரு மாற்று விலை, திரும்பும்போது இன்னொரு மாற்று விலை. நடுவில் கார்டு கம்பெனியின் கமிஷன் வேறு.

நாளுக்கு இவ்வளவு என்று கட்டினால் அந்தத் தொகையைக் குறைக்கலாம், பூஜ்யமும் ஆக்கலாம். நாங்கள் பூஜ்யத்துக்குக் கட்டினோம், மறுபடி போனாலும் கட்டுவேன். ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. கூரையில் இடிப்பது, வண்டியின் அடிப்பகுதி, தப்பான எரிபொருள், தடை செய்த சாலையில் போவது, இவற்றுக்கு அது பொருந்துமா என்று ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். குயின்ஸ்டவுன் பக்கத்து ஸ்கிப்பர்ஸ் சாலை, மவுண்ட் குக்கில் பால் ஹட் சாலை, வட தீவில் நைன்டி மைல் கடற்கரை ஆகியவை பெரும்பாலான ஒப்பந்தங்களின் தடைப் பட்டியலில் இருக்கும்.

டீசல் வரி. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நியூசிலாந்தில் பெட்ரோல் விலையிலேயே சாலை வரி அடங்கிவிடும், டீசலில் அடங்காது. அதனால் பம்பில் டீசல் மலிவாகத் தெரியும். ஓடிய தூரத்துக்குச் சாலைக் கட்டணம் தனி, சின்ன டீசல் வண்டிகளுக்கு 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர். கனமான வண்டிக்கு இதைவிட ஏறும். வாடகைக் கம்பெனி தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்து ஒப்படைக்கும் நாளில் வாங்கும். நாங்கள் 2,100 கிலோமீட்டர் ஓடினோம். கடைசி நாள் பில்லைப் பார்த்து நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இவை தவிர ஓர் ஊரில் எடுத்து வேறு ஊரில் விட்டால் ஒருவழிக் கட்டணம், பொது விடுமுறை நாளில் எடுத்தால் அதற்கொரு கட்டணம், கூடுதல் ஓட்டுநர், நாற்காலி, பனிக்கான டயர் சங்கிலி, கார்டு கட்டணம். ஆகவே மூன்று கம்பெனியை ஒப்பிடும்போது நாள் வாடகையை ஒப்பிடாதீர்கள். "இத்தனை நாள், இத்தனை ஓட்டுநர், பாண்ட் பூஜ்யம், 2,000 கிலோமீட்டர், எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று ஒரே கேள்வியை மூவருக்கும் அனுப்புங்கள்.

பணம் ரொம்ப முக்கியம், நாட்கள் முக்கியமில்லை என்றால் டிரான்ஸ்ஃபர்கார் தளத்தைப் பாருங்கள். ஓர் ஊரில் தேங்கிய வண்டிகளை இன்னோர் ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய் விடுவதற்கு அடிமாட்டு விலையில் தருவார்கள். கொடுக்கும் நாட்கள் கொஞ்சம்தான், நின்று ஊர் பார்க்க நேரம் கிடைக்காது.

உடம்புக்கான இன்சூரன்ஸ் வேறு. அங்கே விபத்தில் காயம்பட்டால் ஏ.சி.சி. என்ற அரசுத் திட்டம் சுற்றுலாப் பயணிக்கும் சிகிச்சைச் செலவில் உதவும். காய்ச்சல், வயிற்றுவலி, பல்வலிக்கு உதவாது. பயண இன்சூரன்ஸ் இல்லாமல் போகாதீர்கள்.

6. வண்டி எடுக்கும் நாள்

இறங்கிய அன்றே வண்டி எடுக்காதீர்கள். இந்தியாவிலிருந்து போனால் கோடையில் ஏழரை மணி நேர வித்தியாசம், ராத்திரி தூக்கமும் இருக்காது. அந்தக் கண்ணோடு ஏழு மீட்டர் வண்டி ஓட்டுவது வேண்டாம். கிறைஸ்ட்சர்ச்சில் ஓர் இரவு தூங்கிவிட்டு காலையில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். வேன் கொடுக்கும் டிப்போக்கள் மாலை சீக்கிரமே மூடிவிடும்.

வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள். கண்ணாடி, சக்கரம், கூரை விளிம்பு, உள்ளே அலமாரிக் கதவு ஒவ்வொன்றும். கியாஸ் அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள், ஹீட்டரைப் போடுங்கள், தண்ணீர் மோட்டாரைக் கேளுங்கள், படுக்கையை ஒரு தடவை அவர்கள் முன்னாலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெண் இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் கடகடவென்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முதல் ராத்திரி ஹீட்டர் சுவிட்ச் எங்கே என்று தெரியாமல் நாலு பேரும் ஸ்வெட்டர் போட்டுத் தூங்கினோம். அது படுக்கைக்கடியில் இருந்தது.

டீசல் மூடி எங்கே, ஆட்புளூ (புகையைச் சுத்தமாக்க டீசல் வண்டியில் தனியே ஊற்றும் திரவம்) மூடி எங்கே, குடிதண்ணீர் மூடி எங்கே என்று மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஊற்ற வேண்டியதை இன்னொன்றில் ஊற்றினால் பயணம் அங்கேயே முடிந்தது. பம்பின் நிறத்தை நம்பாதீர்கள், எழுத்தைப் படியுங்கள்.

7. தூரத்தை மணிக்கணக்கில் போடுங்கள்

வரைபடம் மூன்று மணி நேரம் என்றால் வேனில் நாலு. படம் எடுக்க நிற்பதையும் சேர்த்தால் ஐந்து. எங்கள் வழி: கிறைஸ்ட்சர்ச், டெகாப்போ, மவுண்ட் குக், வனாக்கா, குயின்ஸ்டவுன், டெ அனாவ், மில்ஃபோர்ட் சவுண்ட், திரும்பி வனாக்கா, ஹாஸ்ட் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரை, ஆர்தர்ஸ் கணவாய் வழியாகக் கிறைஸ்ட்சர்ச். 12 நாளில் இது நெருக்கடிதான். ஒரே இடத்தில் இரண்டு இரவு என்று மூன்று இடமாவது வையுங்கள். தினமும் கிளம்பினால் வேன் வீடாக இருக்காது, பஸ்ஸாகிவிடும்.

மவுண்ட் குக் கிராமத்தில் சொல்லிக்கொள்ளும்படி மளிகைக் கடை கிடையாது. ட்வைசலிலேயே வாங்கிவிடுங்கள். டெ அனாவிலிருந்து மில்ஃபோர்ட் சுமார் 120 கிலோமீட்டர். டெ அனாவிலேயே டீசலை நிரப்புங்கள். வழியில் செல்போன் சிக்னலும் இருக்காது, ஆஃப்லைன் வரைபடம் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். மில்ஃபோர்டில் ஆண்டுக்கு 6 மீட்டருக்கு மேல் மழை. மழை நாளில் படகு டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள், அருவிகள் அன்றைக்குத்தான் நூறு நூறாகக் கொட்டும். மே முதல் நவம்பர்வரை அந்தச் சாலையில் டயர் சங்கிலி எடுத்துப்போகச் சொல்வார்கள்.

அந்தச் சாலையில் ஹோமர் சுரங்கப்பாதைக்கு முன் சிவப்பு விளக்குக்காக நின்றோம். பச்சையும் ஆலிவுமாக ஒரு பெரிய கிளி பக்கத்துக் காரின் கூரையில் வந்து உட்கார்ந்தது. கியா. தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது, அப்புறம் எங்கள் கண்ணாடிக்குத் தாவி, ஓரத்து ரப்பர் பட்டையை அலகால் கவ்வி, நூடுல்ஸ் இழுப்பதுபோல நிதானமாக இழுத்தது. நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். அரை அடி போன பிறகுதான் அது வாடகை வண்டி என்று ஞாபகம் வந்தது. கியாவுக்குத் தீனி போடாதீர்கள், போட்டால் இன்னும் நாலு வரும்.

8. சாலையில்

இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், நமக்குப் பழக்கமானது. அதனாலேயே அலட்சியம் வரும். ஊருக்குள் 50, வெளியே 100. ஆனால் 100 என்று பலகை இருப்பதால் அந்த வளைவில் 100-ல் போகலாம் என்று அர்த்தமில்லை. வளைவுக்கு முன் மஞ்சள் பலகையில் இருக்கும் எண்ணைக் கேளுங்கள்.

ஒற்றைவழிப் பாலங்கள் மேற்குக் கடற்கரையில் வரிசையாக வரும். சிவப்பு வட்டப் பலகையில் உங்கள் பக்கத்து அம்பு சின்னதாக, சிவப்பாக இருந்தால் நீங்கள் நிற்க வேண்டும். நீலப் பலகையில் உங்கள் அம்பு பெரிதாக, வெள்ளையாக இருந்தால் உங்களுக்கு முதல் உரிமை. உரிமை இருந்தாலும் எதிரில் வருபவர் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஓரங்கட்டி வழி விடுங்கள். அங்கே ஹாரன் அடிக்க மாட்டார்கள், பொறுமையாக வருவார்கள், அப்புறம் *555-க்கு அழைத்துப் போலீசில் சொல்லிவிடுவார்கள். அவசரத்துக்கு 111. ஓடும் வண்டியில் பின்னால் படுத்துத் தூங்குவது, எழுந்து காபி போடுவது எல்லாம் சட்டவிரோதம். எல்லோருக்கும் சீட் பெல்ட். கைபேசியைக் கையில் பிடித்தால் 150 டாலர்.

காற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. டெகாப்போவில் எங்கள் ஆள் ஒருவன் கதவைத் திறந்தான், காற்று கதவைப் பிடுங்கி முன்பக்கம் முழுக்க மடக்கிவிட்டது. கீல் வளைந்துபோனது. நிறுத்தும்போது மூக்கு காற்றைப் பார்த்து இருக்கட்டும், கதவைத் திறக்கும்போது ஒரு கை கதவைவிட்டு நகரக் கூடாது.

9. இரவு எங்கே நிறுத்துவது

மூன்று வழி இருக்கிறது. ஹாலிடே பார்க்: மின்சாரம், வெந்நீர்க் குளியல், சமையலறை, துணி துவைக்கும் மெஷின். விலை ஆள் கணக்கு, நாலு பேருக்கு ஓர் இரவு எங்களுக்கு 100 டாலரைத் தொட்டது. இரண்டாவது, இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்கள். எல்லோரும் டாக் என்பார்கள். மலிவு, இடமோ பிரமாதம். கழிவறை இருக்கும், பல இடங்களில் குளியல் இருக்காது. சிலவற்றுக்கு முன்பதிவு வேண்டும், எதற்கு என்று அவர்கள் தளத்தில் பாருங்கள்.

மூன்றாவது ஃப்ரீடம் கேம்பிங், அதாவது இலவசமாக நிறுத்துவது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். விதி ஊருக்கு ஊர் வேறு, பல இடங்களில் பச்சைச் சான்று இருந்தால்தான் அனுமதி, சில இடங்களில் அதற்கும் அனுமதியில்லை. அபராதம் 400 டாலரிலிருந்து. குயின்ஸ்டவுன் சுற்றுவட்டாரத்தில் கெடுபிடி அதிகம். மில்ஃபோர்ட் சாலை ஓரத்தில் தூங்கவே கூடாது. கேம்பர்மேட் செயலியில் இடங்களைப் பார்த்துக்கொண்டு, அங்கே போனதும் பலகையையும் படியுங்கள். செயலியும் பலகையும் முரண்பட்டால் பலகைதான் சரி.

எங்களுக்குப் பொருந்திய கணக்கு இரண்டு இரவு டாக், ஓர் இரவு ஹாலிடே பார்க். மூன்றாம் நாள் குளியல், துணி, சார்ஜ், டேங்க் எல்லாம் ஒரே இடத்தில் முடிந்துவிடும்.

மில்ஃபோர்டிலும் மேற்குக் கடற்கரையிலும் சாண்ட்ஃப்ளை என்ற சின்னக் கறுப்பு ஈ கடிக்கும். கொசு மாதிரி சத்தம் கிடையாது, அரிப்பு ஒரு வாரம். விரட்டும் மருந்தை அங்கேயே வாங்குங்கள். இருட்டினால் அடங்கிவிடும்.

10. தண்ணீர், மின்சாரம், அப்புறம் அந்தப் பெட்டி

சுவரில் இருக்கும் சாதாரண பிளக், வண்டியை வெளி மின்சாரத்தில் செருகினால்தான் வேலை செய்யும். டாக் முகாமில் ரைஸ் குக்கரை எடுத்து வைத்துக்கொண்டு நாங்கள் முழித்தது இதனால்தான். ஃப்ரிட்ஜ், விளக்கு, யூ.எஸ்.பி. மட்டும் பேட்டரியில் ஓடும். சமைப்பது கியாஸில். தாளிக்கும்போது கூரை ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் கடுகு வெடிக்குமுன் புகை அலாரம் வெடிக்கும்.

இனி கழிவறை. கேசட் என்ற பெட்டி சுமார் 18 லிட்டர் பிடிக்கும். நாலு பேருக்கு இரண்டு நாள்கூடத் தாங்காது. எங்கள் சட்டம்: ராத்திரி மட்டும், அதுவும் சிறுநீருக்கு மட்டும். பகலில் வழியெங்கும் சுத்தமான பொதுக் கழிவறை இருக்கிறது.

காலி செய்ய டம்ப் ஸ்டேஷன் போக வேண்டும், ஊருக்கு ஒன்றாவது இருக்கும். கையுறை போடுங்கள். வெளிக்கதவைத் திறந்து பெட்டியை உருவி எடுங்கள். குழாயைத் திருப்பி, மூடியைக் கழற்றி, அப்புறம் கவிழ்த்துங்கள். கவிழ்த்த பிறகு கட்டை விரலால் காற்றுப் பொத்தானை அழுத்திக்கொண்டே ஊற்ற வேண்டும். அழுத்தாவிட்டால் குபுக் குபுக்கென்று தெறிக்கும், எங்கே தெறிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்பே அழுத்தினால் அந்த ஓட்டை வழியாகவே வரும். இரண்டு மூன்று தடவை அலசி, கொஞ்சம் தண்ணீரும் மருந்தும் விட்டு மூடுங்கள். அங்கே கழுவுவதற்கு இருக்கும் குழாயில் குடிதண்ணீர் பிடிக்காதீர்கள். குடிதண்ணீருக்கு வேறு குழாய், பலகை போட்டிருக்கும். பாத்திரம் கழுவிய தண்ணீரும் தனி டேங்கில்தான் சேரும், அதையும் இங்கேதான் திறந்துவிட வேண்டும், சாலையோரத்தில் இல்லை.

இந்த வேலைக்கு முறை போட்டுக்கொள்ளுங்கள், ஊரிலேயே, எழுத்தில். எங்கள் நட்புக்கு ஆபத்து வந்த ஒரே இடம் இதுதான்.

11. ஒப்படைக்கும் நாள்

மதியம் மூன்று, நாலு மணிக்கெல்லாம் டிப்போ வாங்குவதை நிறுத்திவிடலாம், நேரத்தைக் கேட்டுவிடுங்கள். முந்தின இரவு கிறைஸ்ட்சர்ச் பக்கத்தில் ஒரு ஹாலிடே பார்க்கில் தங்கி, கேசட்டையும் அழுக்குத் தண்ணீரையும் காலி செய்து, பாத்திரம் கழுவி, தரையைக் கூட்டுங்கள். காலி செய்யாத கேசட்டுக்குத் தனிக் கட்டணம். டிப்போவுக்கு மிக அருகில் இருக்கும் பங்கில் டீசல் நிரப்பி, ரசீதையும் டீசல் அளவு காட்டும் முள்ளையும் சேர்த்துப் படம் எடுங்கள்.

மீட்டரைப் பார்க்கும்போது கூடவே நில்லுங்கள், டீசல் வரிக் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். "சேதம் எதுவும் இல்லை" என்றோ "இது இது மட்டும்" என்றோ எழுத்தில் வாங்காமல் கிளம்பாதீர்கள். எங்கள் கதவுக் கீலை பூஜ்ய பாண்ட் பார்த்துக்கொண்டது. கியா இழுத்த ரப்பரை டிப்போக்காரர் விரலால் அமுக்கிவிட்டு ஒன்றும் எழுதாமல் போய்விட்டார்.

என் கார்டில் எடுத்த பிற கட்டணங்களில் ஒரு பகுதி 19 நாள் கழித்துத் திரும்பி வந்தது, மாற்று விலையில் கொஞ்சம் குறைந்து. அந்தக் குறைச்சலையும் நாலாகப் பிரிக்க வேண்டும் என்று மற்ற மூவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை. இதை அவர்களுக்கு அனுப்பப்போகிறேன்.